பக்கத்தில் இருந்த மேரே அக்கா

செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது நான் வேலையிடத்தில் பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் மேரே அக்காவின் பெறாமகள், சகோதரியின் பிள்ளை. அக்கா விடியற்காலையில் மருத்துவமனையில் காலமாகிவிட்டார் என்றார். நான் "ஓகே, தேங்க் யூ" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். பிறகு மிச்சப் பாணுக்கும் மாஜரின் பூசினேன். ஓரம் வரைக்கும் பூசாவிட்டால் அங்கே சாப்பிட வரும் எங்கள் ஆட்கள் குறை சொல்வார்கள். ஓரம் வரைக்கும்தான் பூசினேன். அன்றைக்கு நான் செய்தவற்றில் அது ஒன்றுதான் இப்போது தெளிவாக நினைவில் இருக்கிறது.

நம் தமிழ்ச் சபையின் இதழில் ஒரு மாவோரிப் பெண்மணிக்கு அஞ்சலி எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். நத்தார்ப் பண்டிகை ஒன்றுகூடலுக்கு இரண்டு முறை வந்து, நம்முடைய ரோல்ஸை உறைப்பு உறைப்பு என்று சொல்லிக்கொண்டே ஆறேழு சாப்பிட்டாரே, அந்தப் பெரிய உருவமும் நரைத்த கூந்தலும் உள்ள அம்மா, அவர்தான். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் சிரிப்பு ஞாபகம் இருக்கும். தெரியாதவர்களுக்காகத்தான் மற்றதை எழுதுகிறேன். அவர் பேசியது ஆங்கிலமும் மாவோரியும். ஆனாலும் அவருடைய வார்த்தைகள் எனக்குள் எங்களூர்ப் பேச்சாகவே கேட்கின்றன. அப்படியே எழுதிவிடுகிறேன், மன்னியுங்கள்.

நான் மன்னாரில் பன்னிரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தவள். நாங்கள் ஆக்லாந்து நகரின் த்ரீ கிங்ஸ் பகுதியில் வந்து குடியேறியபோது இங்கே என் சான்றிதழை ஒருவரும் திரும்பியும் பார்க்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நகரத்தில் ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் இருந்த பகல் நிலையத்தில் பதிவு எழுதும் வேலை கிடைத்தது. வீடில்லாமல் தெருவிலும் பாலத்தடியிலும் படுப்பவர்கள் பகலில் வந்து குளித்து, உடுப்புத் தோய்த்து, ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டுப் போகும் இடம் அது. வருபவர்களில் மிகப் பலர் மாவோரிகள், இந்த மண்ணின் பூர்வகுடிகள். தங்கள் சொந்த நாட்டிலேயே வீடில்லாதவர்கள். மேரே அக்கா அங்கே உளவளத் துணையாளர். ஆலோசனைக்கென்று ஓர் அறையும், இரண்டு கதிரைகளும், ஒரு கடதாசிக்கைக்குட்டைப் பெட்டியும் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அறையில் அவர் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்.

"அறைக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா, பொலிஸ் கூப்பிட்ட மாதிரியெல்லோ இருக்கும் அவங்களுக்கு" என்பார். அவருடைய ஆலோசனை குசினி மேசையில்தான் நடக்கும். கிழங்கு சீவுவார். எதிரே இருப்பவருக்கும் ஒரு கத்தியை நீட்டுவார். அரை மூட்டை முடியும் வரை சில நாட்களில் ஒரு சொல்லும் வராது. பதிவுப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்று நெளிவேன். அதில் முதல் கேள்வியே நிரந்தர முகவரி. தெருவில் படுப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் நான் கேட்டேன். பன்னிரண்டு வருடம் வரவு கூப்பிட்ட வாய் சும்மா இருக்குமா? அக்கா ஒரு நாள் படிவத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். "முதல்ல சாப்பிடட்டும். பிறகு ஆரின்ர பிள்ளை எண்டு கேள். பேரை அவனே சொல்லுவான்." உண்மையாகவே சொன்னார்கள். தாய் பெயர், தகப்பன் பெயர், தங்கள் குலத்தின் மலை, ஆறு எல்லாம் சொன்னார்கள். என் படிவத்தில் அதற்கெல்லாம் இடமிருக்கவில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

என் பெரிய பிழையை இங்கே சொல்லாவிட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். சேர்ந்து மூன்றாம் மாதம் என்று நினைக்கிறேன். சலவை இயந்திரம் சும்மா ஓடுகிறதே என்று, வந்தவர்களின் உடுப்போடு கோப்பை துடைக்கும் துணிகளையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். நல்ல சுடுதண்ணீர், நிறைய சவர்க்காரத் தூள். எல்லோர் கண்முன்னாலும் எடுத்து உலர்த்தினேன், வெள்ளை வெளேரென்று வந்தது. எனக்குள் ஒரே பெருமை. மத்தியானம் அந்தத் துணிகளால் தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். ஒருவரும் சாப்பிடவில்லை. ஒவ்வொருவராகத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். மழைக்குள் போனார்கள். கடைசியாக எழுந்தவர் ஹேமி. ஐம்பது வயது இருக்கும், நெடிய மனிதர், கிராஃப்டன் பக்கம் பாலத்தடியில் படுப்பவர். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், அன்றைக்குத்தான் வாய் திறந்தார். "உம்மட வீட்டில காற்சட்டையையும் சாப்பாட்டுத் துணியையும் ஒண்டாத்தான் தோய்க்கிறனீரோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலத்தடியில் படுக்கிற ஆள் எனக்குச் சுத்தம் படிப்பிக்கிறதா என்று குசினிக்குள் போய்க் கத்தினேன். அக்கா என்னைத் திட்டவில்லை. அந்தத் துணிகளை ஒன்றுவிடாமல் எடுத்துக் கிழித்து நிலம் துடைக்கும் வாளிக்குள் போட்டார். கடைக்குப் போய்ப் புதுத் துணி வாங்கிவந்து மடித்து வைத்தார். பிறகுதான் சொன்னார். "உடம்பில படுகிறது வேற, வாயில போறது வேற. ரெண்டும் ஒரு தண்ணியில சேரக் கூடாது. இது எங்கட சட்டம். ஹேமியிட்ட வீடு இல்லை, பிள்ளை. ஆனா வீட்டுச் சட்டம் அவனிட்ட இருக்கு. மழையில படுத்தும் அதை விடேல்லை. அதையும் நாங்கள் பறிச்சா அவனிட்ட மிச்சம் என்ன?"

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டிலும் தீட்டுத் துணிக்கு வேறு வாளிதானே இருந்தது? மறுநாள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஹேமி நான் பரிமாறிய சூப்பைக் குடித்தார்.

ஹேமியின் கதையை அக்கா எனக்குச் சொல்லவில்லை. அவர் யாருடைய கதையையும் இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார். ஒரு நாள் கிழங்கு சீவும்போது ஹேமியே சொன்னார், நானும் மேசையில் இருந்தேன். வடக்கே அவருடைய ஊர். பதினேழு வயதில் தொழிற்சாலை வேலைக்கென்று ஆக்லாந்துக்கு வந்தவர். வேலை போயிற்று, குடி வந்தது. தாய் இறந்தபோது ஆட்கள் இவரைத் தேடி நகரமெல்லாம் அலைந்திருக்கிறார்கள். இவர் எங்கோ குடிவெறியில் கிடந்திருக்கிறார். தெரியவந்தபோது தாயை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மாவோரிச் செத்தவீடு மூன்று நாள் நடக்கும். பெட்டியைத் திறந்து வைத்து, ஒரு கணமும் தனியே விடாமல் உறவுகள் சுற்றி இருப்பார்கள். அந்த மூன்று நாளும் மூத்த மகனின் இடம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு ஹேமி, வடக்கே போகும் துறைமுகப் பாலத்தைத் தாண்டியதே இல்லை. எந்தச் செத்தவீட்டுக்கும் போனதில்லை. "என்ன முகத்தோட போறது?" என்றார். அவ்வளவுதான்.

வேறோர் அலுவலகத்திலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் அவரைப் பற்றி 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதிவைத்திருந்தார். அக்கா அதை வாசித்துவிட்டு மூக்கால் ஒரு சத்தம் போட்டார். புதன்கிழமைகளில் ஹேமியோடு கிழங்கு சீவினார். ஊருக்குப் போ என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அவருடைய ஊரும் அக்காவின் ஊரும் ஒரே மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். ஆகவே அங்கே யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் படகு வாங்கினார்கள் என்று சும்மா கதைத்துக்கொண்டிருப்பார். ஹேமி கேட்காதவர்போல் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படியே ஆறு வருடம். ஆறு வருடம்! நானாக இருந்தால் ஆறாம் நாளே பிடரியில் பிடித்து பஸ்ஸில் ஏற்றியிருப்பேன். ஒரு நாள் அதை அக்காவிடமே சொன்னேன். "ஏத்தலாம். அவன் அடுத்த தரிப்பில இறங்கிடுவான். பிறகு எங்களிட்டயும் வரமாட்டான்" என்றார்.

இடையில் என் அப்பா மன்னாரில் இறந்தார். சண்டைக் காலம். கடிதம் வந்து சேர ஆறு வாரம் ஆனது. நான் வாசித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். இங்கே இருந்துகொண்டு இனி என்ன செய்கிறது? அக்கா என் முகத்தைப் பார்த்தார். பதிவு மேசையில் 'மூடப்பட்டுள்ளது' என்ற அட்டையை வைத்தார். "ஆர்?" என்று கேட்டார். சொன்னேன். "படம் இருக்கோ?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை தெற்கு ஆக்லாந்தில் ஒரு மராயேக்கு, அதாவது அவர்களின் குல மண்டபமும் முற்றமும் உள்ள இடத்துக்கு, என்னைக் கூட்டிப் போனார். அவருடைய உறவினர் ஒருவரின் செத்தவீடு. தங்கள் வீட்டில் இறந்தவர்களின் படத்தையும் கொண்டுபோய் அங்கே வைத்து, எல்லோருக்கும் சேர்த்து அழுவது அவர்கள் வழக்கம். அக்கா அந்த வீட்டாரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார். என் அப்பாவின் படத்தைப் பெட்டியின் அருகே வைத்தார்கள். மன்னார் எங்கே இருக்கிறதென்றே அறியாத கிழவிகள் அப்பாவைப் பார்த்து ஒப்பாரி வைத்தார்கள். கண்ணீரும் மூக்குநீரும் ஓடின. அவர்கள் துடைக்கவில்லை. ஓடவிடுவதுதான் மரியாதையாம். எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை. கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு மரம்போல இருந்தேன். "வராட்டி விடு. இண்டைக்கு நாங்கள் அழுறம்" என்று அக்கா என் முதுகைத் தடவினார்.

அன்றைக்கு நிலையத்தின் வான் வண்டியில் ஹேமியும் எங்களோடு வந்திருந்தார். சாமான் தூக்க உதவி என்று சொல்லித்தான் அக்கா கூப்பிட்டிருந்தார். ஆனால் ஹேமி வாசலோடு நின்றுவிட்டார். தெருவின் மறுபக்கம் சீமெந்துக் கட்டின் மேல் மூன்று மணித்தியாலம் இருந்தார். வரும்போது அக்கா அவருக்கு ஒரு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

அக்காவுக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு. சிறுநீரகம் பழுதாகிப் பல மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. கேட்டால் "மற்றவையின்ர நோவைக் கேக்கவே நேரம் காணேல்லை" என்பார். அதில் எனக்கு இன்னமும் கோபம்தான். மருத்துவமனையில் நான் கடைசியாகப் பார்த்தபோது குரல் மட்டும் பழையபடி இருந்தது. "என்னை வடக்கே கொண்டுபோய்த்தான் அடக்கம் செய்வினம். அங்க ஹேமியின்ர ஆக்கள் எல்லாரும் தாயின்ர படத்தோட நிப்பினம். அவனைக் கூட்டிக்கொண்டு வா."

"வருவாரோ?"

"தெரியாது. இழுக்காத. புத்தி சொல்லாத. பக்கத்தில இரு. அவ்வளவுதான் எனக்கும் தெரிஞ்ச வேலை."

சரி என்றேன். எப்படிச் செய்வதென்று தெரியாமல்தான் சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை, அந்தத் தொலைபேசிக்குப் பிறகு, ஹேமி வழக்கம்போல் வந்தார். நான் அவரை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். தலையை ஆட்டினார். சாப்பிடாமலே போய்விட்டார். அவர் படுக்கும் இடத்துக்கு இரண்டு தரம் ஆள் அனுப்பியும் காணவில்லை. அன்றிரவு வீட்டில் என் கணவர், "நீ அழேல்லையே?" என்று கேட்டார். மகள் "மம், ஆர் யூ ஓகே?" என்றாள். எனக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுங்கோ என்றேன். உண்மையாகவே ஒன்றும் இருக்கவில்லை. பல்லு கழற்ற மரத்துப்போக ஊசி போட்ட மாதிரி உடம்பெல்லாம் கிடந்தது.

வியாழன் காலை வான் புறப்பட வேண்டும். ஏழு மணிக்கு நான் போனபோது ஹேமி ஏற்கெனவே பின் ஆசனத்தில் இருந்தார். தாடி வழித்திருந்தார். யாரிடமோ வாங்கிய கறுத்தக் கோட்டு, கை நீளம் காணாது. நான் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் ஏறி இருந்தேன். துறைமுகப் பாலத்தில் வான் ஏறியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். எனக்கு வாய் துறுதுறுத்தது. மலையைப் பாருங்கோ, ஆட்டைப் பாருங்கோ என்று ஏதாவது சொல்ல வேணும்போல் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மராயேயின் வாசலில் வந்தவர்கள் கூடி நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரலெடுத்து அழைப்பார். அழைத்தால்தான் போகலாம். எங்கள் ஆட்கள் நின்றார்கள். அழைப்பு வந்தது. எல்லோரும் மெல்ல நடந்தார்கள். ஹேமி நகரவில்லை. வேலிக்கு வெளியே புல்லில் போய்க் குந்தினார். நான் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை பெட்டியை மூடிவிடுவார்கள். எங்கள் வான் அன்று பின்னேரமே திரும்புகிறது. பொழுதுபட்ட பிறகு அங்கே புதுக் கூட்டத்தை அழைப்பதும் இல்லை. இந்த மனிதர் எழும்பாவிட்டால் நான் அக்காவின் முகத்தைக் காணாமலே போவேன். தனியே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்தான். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். நான் வெளியே வந்து ஹேமிக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தேன். சேலை ஈரமாயிற்று.

பிந்தியவர்கள் அடுத்த கூட்டத்தோடு போகலாம். அடுத்த கூட்டம் வந்தது, ஒரு பஸ் நிறைய. அழைப்புக் கேட்டது. அவர்கள் போனார்கள். நாங்கள் இருந்தோம். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. குளிர்காலம், வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. எழும்புங்கோ, ஆறு வருடம் உங்களுக்காகக் கிழங்கு சீவின மனுசியெல்லோ என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தரம்.

"நீர் போம்" என்றார் ஹேமி.

"இல்லை, நான் இருக்கிறன்" என்றேன்.

நாலு மணிபோல மூன்று கார்கள் வந்தன. அதுதான் கடைசிக் கூட்டம் என்று வாசலில் நின்ற ஒருவர் சொன்னார். உள்ளேயிருந்து கிழவி ஒருவரின் குரல் எழுந்தது. நீண்டு, உடைந்து, மறுபடி எழுந்தது. எனக்குச் சொற்கள் விளங்கவில்லை. ஹேமி தலையை நிமிர்த்திக் கேட்டார். "உங்கட செத்தவையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு கூப்பிடுறா" என்றார். கையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். பிறகு, "என்ர அம்மாவை நான் எங்கயிருந்து கூட்டிக்கொண்டு போறது? அவ உள்ளுக்கெல்லோ இருக்கிறா" என்றார்.

எழும்பிவிட்டார். நானும் எழும்பினேன். கார்களில் வந்த பெண்களின் பின்னால் நடந்தோம். அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார், நல்ல இறுக்கம். பெட்டியைச் சுற்றிக் கறுப்பு உடையில் பெண்கள். அக்காவின் காலடியில் இறந்த உறவுகளின் படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒரு பெண்ணின் படத்துக்கு முன்னால் ஹேமி முழங்காலில் விழுந்தார். ஹேமியின் அதே நெற்றி, அதே மூக்கு. அவருக்கு வந்த அழுகையை என்னால் எழுத முடியாது. கண்ணீரும் மூக்குநீரும் அந்தக் கோட்டில் வழிந்தன, அவர் துடைக்கவில்லை. ஒரு கிழவர் எழுந்து வந்து அவரைத் தூக்கி, அவர்கள் முறைப்படி மூக்கோடு மூக்கு, நெற்றியோடு நெற்றி வைத்து நெடுநேரம் நின்றார். "எங்க போனாய்?" என்று யாரும் கேட்கவில்லை.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இலைநாரில் நெய்த குல மேலாடையைப் போர்த்தி, கூந்தலை வாரி விட்டிருந்தார்கள். கையைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை.

சாப்பாடு முடிந்ததும் வான்காரர் அவசரப்படுத்தினார். ஹேமியைத் தேடினேன். முற்றத்தின் ஓரத்தில் அந்தக் கிழவரோடு நின்றார். "நான் நிக்கிறன்" என்றார். "நாளைக்கு அக்காவைத் தூக்க ஆள் வேணுமாம். பிறகு அம்மாவின்ர இடத்துக்குப் போறம். பிறகு... பாப்பம்." எத்தனையோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

வானுக்கு வரும் வழியில் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தின் வாசலில் சப்பாத்துகள் நிறைந்து கிடந்தன, பெரியதும் சிறியதுமாக. உள்ளே நிலத்தில் மெத்தைகளை வரிசையாக விரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அக்காவோடு அங்கேதான் படுப்பார்கள். ஹேமி கடைசிப் படியில் குனிந்து நின்று, நூல் பிய்ந்த சப்பாத்துகள் இரண்டையும் கழற்றி, மற்றவற்றின் நடுவே வைத்துவிட்டு உள்ளே போனார்.

மேரே அக்கா, ஹேமி உங்களுக்குப் பக்கத்தில் படுத்தார். நான் வானில் ஏறி வந்துவிட்டேன். எனக்கு அழுகை இன்னும் வரவில்லை, வரும்போது வரட்டும். நீங்கள் போய் வாருங்கள்.